பதினோரு மணித் தாள்கள்

அம்மாவின் குளிர்கோட்டை லோரேனா இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது எல்பியோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குடுத்துடு," என்றார்.

"பாத்துட்டுச் சொல்லுப்பா. அந்தப் பழுப்புக் கோட்டு. என் கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டு வந்தது."

"பாத்தாச்சு. குடுத்துடு."

கூடத்தில் மூன்று அட்டைப்பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. வைப்பதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று, எறிவதற்கு ஒன்று. லோரேனா செல்போனில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். வீட்டை லேசாக்கு, வேலையை லேசாக்கு, மனசு தானாக லேசாகும் என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஒரு அம்மாள் வெள்ளை அறைக்குள் நின்றபடி சொல்லித்தருவாள். அந்த அறையில் உட்கார ஒரு நாற்காலியாவது உண்டா என்று எல்பியோவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

மிர்த்தா செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. மொந்தெவிதேயோ நகரத்தில் இருக்கும் இந்த வாடகை வீட்டை ஜனவரி இரண்டாம் தேதி காலி செய்து கொடுத்துவிட்டு, பக்கத்து ஊரான லாஸ் பியெத்ராஸில் மகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக்கு எல்பியோ போகப் போகிறார். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். அதற்குள் இந்த வீட்டில் உள்ளதையெல்லாம் அடைக்க முடியாது. அதனால்தான் இந்தப் பெட்டிகள்.

லோரேனா சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "அப்பா ஒரு ஸ்பூனைக்கூட விடமாட்டாரு, நீ வேணா பாரு," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தவள். இங்கே வந்து பார்த்தால் மனிதர் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கிறார். தையல் மெஷினா, கொடு. பீங்கான் தட்டுகளா, கொடு. மிர்த்தா இருபது வருஷம் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரைக் குழல் போட்டு உறிஞ்சிக் குடித்த சுரைக்குடுவை, விளிம்பில் வெள்ளிப் பூண் போட்டது, அவளுடைய விரல் பட்ட தேய்மானம் இன்னும் தெரிகிறது, அதையும் எடுத்து அவரே கொடுக்கிற பெட்டியில் வைத்தார்.

அப்போதுதான் லோரேனா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லயாப்பா?"

"ஏன்?"

"ஏனா? முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ. அவளோட ஒரு கைக்குட்டைகூட உனக்கு வேண்டாமா? எனக்கே மனசு வரல, நீ என்னடான்னா பழைய பேப்பர் போடற மாதிரி போட்டுக்கிட்டிருக்கே!"

"உன் டீச்சரம்மா சொல்றதும் அதுதானேம்மா. பொருள் வேற, மனுஷி வேற."

"டீச்சரம்மா நாசமாப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். எல்பியோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. வெட்கம் வந்து தடுத்தது. பாழாய்ப்போன வெட்கம்! அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விஷயம் இதுதான். எல்பியோவுக்கு மிர்த்தாவின் கோட்டும் வேண்டாம், குடுவையும் வேண்டாம். அவளே அவரிடம் இருந்தாள். ஆபீஸில், இரும்பு பீரோவின் அடித்தட்டில், இருபத்தெட்டுக் கட்டுகளாக.

பழைய நகரத்தில், மாத்ரிஸ் சதுக்கத்துக்கு ஒரு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஒரு நோட்டரி அலுவலகம். எல்பியோ அங்கே முப்பத்து நான்கு வருஷமாகக் குமாஸ்தா; இந்த டிசம்பரோடு ஓய்வு. வீட்டுக்குத் தொலைபேசி வந்த வருஷத்திலிருந்து, வேலை நாள் ஒவ்வொன்றிலும் காலை பதினோரு மணிக்கு மிர்த்தா ஆபீஸுக்குக் கூப்பிடுவாள். செல்போன் வந்த பிறகும் அவள் அந்தப் பழைய நம்பரைத்தான் சுழற்றினாள். போன் எடுக்கும் தெல்மா அறை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்: "எல்பியோ! உன் பதினோரு மணி லைன்ல இருக்கா!" எல்லாரும் சிரிப்பார்கள். எல்பியோ ஒரு கையால் போனை எடுப்பார், மறு கையால் ஊற்றுப்பேனாவைத் திறப்பார். மேசைக் காலண்டரில் அன்றைய தேதித்தாளில் அவள் சொல்வதை எழுதுவார்.

முதலில் மறந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதினார். ரொட்டி. பாத்ரூம் பல்பு, நாற்பது, அறுபது வேண்டாம். அப்புறம் பழக்கம் ஆகிவிட்டது. அவள் சொன்னதெல்லாம் தாளில் ஏறியது. 'மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போனியா.' 'லோரேனாவுக்கு முன்பல் விழுந்துடுச்சு, கையில வச்சுக்கிட்டே சுத்தறா.' 'கோபம். ஒண்ணும் பேசல. வச்சுட்டா.' சில நாள் இரண்டே வார்த்தை: 'சும்மாதான் கூப்பிட்டேன்.' போன வருஷம் அக்டோபரில், ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய கடைசிப் பதினோரு மணியில்: 'வரும்போது செருப்பு எடுத்துட்டு வா. நீலம்.'

மிர்த்தா தன் குரலைப் பதிவு செய்ய விடாதவள். அந்தச் சனியன் எனக்கு வேண்டாம் என்பாள். போட்டோ இருக்கிறது, நிறையவே இருக்கிறது. போட்டோ வாயைத் திறந்து குடை எடுத்துக்கொண்டு போனாயா என்று கேட்குமா? அந்தத் தாள்கள் கேட்கும்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் பைத்தியம் பிடிக்கும். டிசம்பரின் கடைசி வேலை நாள், மதியம் பன்னிரண்டு அடித்ததும் பழைய நகரத்தில் ஒவ்வொரு ஆபீஸ் ஜன்னலும் திறக்கும். மேசைக் காலண்டரின் தாள்களைப் பிய்த்துப் பிய்த்துத் தெருவில் எறிவார்கள். முடிந்த வருஷத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தால் வருகிற வருஷம் காலை வைக்காதாம். தெரு கணுக்கால் வரைக்கும் வெள்ளையாகிவிடும். போதாததற்கு மாடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வேறு. கீழே மேளக்காரர்கள், பழரச மதுவைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுகிறவர்கள், அத்தனை பேரும் நனைந்த கோழிகளாக ஆடுவார்கள்.

அந்த முதல் வருஷம் எல்பியோ தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போனார். மேல் தாளில் 'சும்மாதான்' என்றிருந்தது. கை வரவில்லை. மெதுவாகக் கோட்டுப் பைக்குள் தள்ளிவிட்டு, கழிவறைக்குப் போகிறவர் மாதிரி நழுவிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து முன்னேற்பாடு. டிசம்பரில் காகிதக் கடையில் இன்னொரு காலண்டர் வாங்கிவிடுவார். ஜன்னலில் நின்று அந்த வெள்ளைத் தாள்களை எறிவார். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவார். எழுதிய தாள்களை நூல் போட்டுக் கட்டி, செத்துப்போன பத்திரக் கோப்புகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். ஆபீஸிலேயே சுத்தக்காரர் என்று பெயர் வாங்கியவர் அவர். அவருடைய மேசையில் ஒரு போன், ஒரு பேனா, ஒரு காலண்டர், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டி சொன்ன மளிகைச் சாமானை நூல் கட்டிப் பாதுகாக்கிறார் என்று தெரிந்தால் தெல்மா விடுவாளா? சாகிற வரைக்கும் கிண்டல் பண்ணுவாள்.

இந்த வருஷம் வெள்ளைக் காலண்டர் வாங்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பதினோரு மணிக்கு யாரும் கூப்பிடவில்லை. அவருடைய காலண்டரே வெள்ளையாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுகளை முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்றால், வீட்டில்தான் லோரேனாவும் மூன்று பெட்டிகளும் இருக்கின்றனவே! பத்தாயிரம் தாள். அவள் கண்ணில் பட்டால் கேள்வி வரும். வீட்டு வேலை முடியட்டும், கடைசி நாளில் ஒரேயடியாக எடுத்து வந்து, புது அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஆபீஸைவிடப் பத்திரமான இடம் ஏது? மனிதர் அப்படித்தான் நினைத்தார்.

ஆபீஸிலும் அதே லேசாக்குகிற காய்ச்சல்தான் பரவியிருந்தது. அப்பாவிடமிருந்து அலுவலகத்தை எடுத்துக்கொண்ட இளம் நோட்டரி இவானா, பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். முப்பதாம் தேதி சாயந்தரம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு மூணு மணிக்குப் பழைய இரும்புக்காரன் வர்றான். பீரோ அத்தனையும் போகுது. சாவிய எல்லாரும் பலகையில மாட்டிட்டுப் போங்க. தோன் எல்பியோ, நீங்களும்தான்." பெரியவர்களை 'தோன்' போட்டுக் கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை.

"காலையில வந்து காலி பண்ணிக்கிறேன், நோட்டரியம்மா."

"தாராளமா. உங்க கடைசி நாளு. நீங்க வச்சதுதான் சட்டம்."

அவர் சாவியை மாட்டினார். மாட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கியது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் பெரிய பயணப் பை. ஆஸ்பத்திரிக்கு மிர்த்தாவின் துணிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே பை. வாசலில் தெல்மா தெர்மாஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், சாயம் போட்ட சிவப்பு முடி, ஊருக்கே கேட்கும் குரல்.

"என்னய்யா இது, மூட்டை முடிச்சோட? எவளையாவது இழுத்துக்கிட்டு ஓடப் போறியா?"

"உன்னைத்தான். வர்றியா?"

"இருபது வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும். இப்ப எனக்கு மூட்டு வலி."

அவர் சிரித்துக்கொண்டே பீரோ பக்கம் நடந்தார். நான்கு அடி வைத்திருப்பார். இவானா ஒரு உறையை நீட்டிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க தோன் எல்பியோ. பதிவு அலுவலகத்துல ஒரே ஒரு கையெழுத்து. இன்னிக்கே வேணும். உங்களை விட்டா அந்த ஆளு யாருக்கும் போட்டுத் தரமாட்டான்."

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க. பீரோவை…"

"பீரோ எங்கயும் ஓடாது, மூணு மணி வரைக்கும் இங்கதான் இருக்கும்!" என்று தெல்மா பின்னாலிருந்து தள்ளினாள். "போ போ. நேரா வந்து கீழ தெருவுல நில்லு. பன்னண்டு அடிக்கிற வரைக்கும் மேல வராதே. சொல்லிட்டேன்!"

ஏதோ விருந்து ஏற்பாடு செய்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. கேக் வாங்கியிருப்பார்கள், நம் காதில் படாமல் பாட்டு ஒத்திகை பார்ப்பார்கள். இத்தனை வருஷம் கூட இருந்தவர்கள் ஆசையாகச் செய்வதைக் கெடுப்பானேன்? பயணப் பையைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பதிவு அலுவலகத்து வழுக்கைத்தலை கிளார்க் உறையைப் பிரித்துப் படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். "கொஞ்சம் உக்காருங்க, பெரிய அதிகாரி வரணும்," என்று சொல்லி ஒரு காபியும் உலர்பழ ரொட்டியில் ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தான். எல்பியோ உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் பதினோரு மணி காட்டியபோது பக்கத்து மேசையில் ஒரு போன் அடித்தது. அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. சீ, என்ன மனசு இது என்று தன்னையே கடிந்துகொண்டார். இருந்தாலும் உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. இன்றைக்கு ராத்திரி அவளோடு வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷம்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆபீஸ் தெருவுக்குள் நுழைந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மேளம் காதை அடைத்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். மூன்றாவது மாடியில் தெல்மா பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கையை ஆட்டினாள்.

"அங்கயே நில்லு! நகராதே! அண்ணாந்து பாரு!"

எல்பியோ நின்றார். அண்ணாந்து பார்த்தார். சர்ச் மணி அடித்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல். தாள்கள் கொட்டத் தொடங்கின.

முதலில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தாள் தோளில் வந்து உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தார். நீல மை. தன்னுடைய கோழிக்கிறுக்கல். 'ரொட்டி. நேத்து வாங்கினது கல்லு மாதிரி இருந்துச்சு, அவன்கிட்ட சொல்லு.'

இன்னொன்றைப் பிடித்துப் பார்த்தார், அதுவும் நீல மை.

நிமிர்ந்து பார்த்தார். தெல்மா ஒரு குப்பைக்கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தாள். அந்தப் பக்கம் இவானா ஒரு கூடை. ஆபீஸ் ஆட்கள் இன்னும் இரண்டு பேர் கட்டின் நூலை அறுத்து அறுத்து விசிறினார்கள். வானத்தை மறைத்துக்கொண்டு மிர்த்தா விழுந்தாள்.

"இருபத்தெட்டு வருஷம், எல்பியோ!" தெல்மா தொண்டை கிழியக் கத்தினாள். "போகட்டும் விடு! அத்தனையும் போகட்டும்!"

"நிறுத்து!" என்று அவர் கத்தினார். "தெல்மா! நிறுத்து! ஐயோ, நிறுத்துங்க!"

மேளச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். மேலே இருந்தவர்கள் கிழவர் குஷியில் ஆடுகிறார் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டினார்கள். வாசலை நோக்கி ஓடப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. அதற்குள் மேலே கூடைகள் காலி. இருபத்தெட்டு வருஷம் விழுந்து முடிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் மண்டிபோட்டு அள்ளத் தொடங்கினார். கையில் வந்ததை எல்லாம் மார்போடு அணைத்தார். யார் யாருடைய தாளோ, எந்தெந்த ஆபீஸ் காகிதமோ, எல்லாம் கலந்து கிடந்தது. எதிர்க் கட்டிடத்திலிருந்து முதல் வாளித் தண்ணீர் கொட்டியது. அப்புறம் இரண்டாவது. ஊற்றுப்பேனா மை அது. பால்பாயிண்ட் பேனாவைக் கையால் தொடமாட்டேன் என்று முப்பத்து நான்கு வருஷம் வீம்பு பிடித்தவர் அவர். இப்போது அவருடைய விரல் இடுக்கில் நீலமாக ஓடியது.

"தாத்தா, எழுந்திரிங்க! அதை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க!" என்று நனைந்த சட்டையோடு ஒரு பெண் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு அவரை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அவர்களுடைய காலடியில் தாள்கள் கூழாயின. அவர் அழுதார். எல்லார் முகத்திலும் தண்ணீர் வழிந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் தெல்மா கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் பாட்டில், முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"எப்படி இருந்துச்சு? சொல்லு, எப்படி இருந்துச்சு? எல்லாம் என் யோசனைதான்! நேத்து நீ போனப்புறம் பீரோவைத் துடைக்கலாம்னு திறந்தேன். அடப்பாவி! ஆபீஸ்லயே சுத்தக்காரன்னு பேரு, உள்ள பாத்தா இருபத்தெட்டு வருஷத்துக் காலண்டரு! வருஷா வருஷம் ஜன்னல்ல நின்னு எதையோ எறிஞ்சியே, அதெல்லாம் கண்கட்டு வித்தையா? படிச்சுப் பாத்தேன், ஒரே மளிகை லிஸ்டு. ரொட்டி, பல்பு, சோப்பு! இதைப் போயி எந்தக் கிறுக்கனாவது சேத்து வைப்பானா?"

எல்பியோ அவளைப் பார்த்தார்.

"நோட்டரியம்மாகிட்ட சொன்னேன். பாவம், மனுஷன் மிர்த்தா போனதிலேருந்து எதையும் விட முடியாம கெடக்கறான். பழசை நாம விட்டுக் குடுப்போம், அவனுக்காகன்னேன். மிர்த்தா இருந்திருந்தா கைதட்டிச் சிரிச்சிருப்பா, இல்ல?"

இருபத்தெட்டு வருஷம் அந்தப் பதினோரு மணியை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் இவள்தான். மிர்த்தாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவளும் இவள்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். விளங்கினால் அப்புறம் சாகிற வரைக்கும் அவள் தூங்கமாட்டாள். எல்பியோவுக்கு அவளைத் தெரியும்.

"ரொம்ப அழகா இருந்துச்சு, தெல்மா," என்றார்.

"பாரம் எறங்கின மாதிரி இருக்குல்ல?"

"எறங்கிடுச்சு."

அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். அவர் அவளுடைய சிவப்பு முடியைத் தட்டிக் கொடுத்தார். மேலே வா, கேக் வெட்டணும் என்று இழுத்தாள். இதோ வருகிறேன், கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று அனுப்பிவைத்தார். அவர் மேலே போகவில்லை. பயணப் பையும் நாற்காலியிலேயே கிடந்தது.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. தெருக்கூட்டுகிறவர்கள் அகலத் துடைப்பங்களோடு வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊரையே திட்டித் தீர்க்கும் நாள் அவர்களுக்கு. அவர்களில் பருத்த ஆள் ஒருவன், சாக்கடை ஓரமாகக் குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த கிழவரைக் கண்டு நின்றான்.

"என்ன தொலைச்சுட்டீங்க பெரியவரே? செக்கா? பத்திரமா?"

"ஒரு தாளு. செருப்புன்னு எழுதியிருக்கும். நீலம்னு."

அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தான். குடிகாரன் என்று நினைத்திருப்பான். ஆனால் நகர்ந்து போகவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து அவனும் தேடினான். கூட இருந்தவர்கள் திட்டினார்கள். "சும்மா இருங்கடா, அஞ்சு நிமிஷம்," என்றான். அந்த ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. அப்புறம் குப்பை லாரி வந்துவிட்டது. அவனும் என்னதான் செய்வான்? "கிடைக்கல பெரியவரே," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்து எல்பியோ சட்டைப்பையில் இருந்ததை வெளியே எடுத்தார். பதினொரு தாள். மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஏழு தாளில் நீலக் கறை மட்டும்தான் இருந்தது. மூன்றில் ஒரு எழுத்தும் இல்லை, அவை ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தானே இருப்பார், அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்? மிச்சம் ஒன்றே ஒன்று. ஆகஸ்டு ஒன்பது. வருஷம் இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. 'பூண்டு. வேற ஒண்ணும் வேண்டாம். சும்மாதான் கூப்பிட்டேன்.'

அவர் இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கினார். மூலைக் காய்கறிக் கடைக்காரன் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டிருந்தான். குனிந்து உள்ளே பார்த்து, ஒரு பூண்டு வேண்டும் என்றார். அவருடைய நனைந்த சட்டையையும் நீலக் கையையும் பார்த்துவிட்டு, வருஷக் கடைசி, சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றான் கடைக்காரன்.

வீட்டில் லோரேனா கடைசி அறையையும் கூட்டித் துடைத்து முடித்திருந்தாள். ஒரு சாமான் கிடையாது. செருப்புச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. கொடுக்கிற பெட்டிகளை மத்தியானமே சர்ச்சிலிருந்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"வா வா. எப்படிப்பா இருந்துச்சு கடைசி நாளு? ஐயோ, இப்படி நனைஞ்சிருக்கியே! பாரு, வீடு எவ்வளவு லேசா இருக்குன்னு பாரு."

அவர் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். சமையலறைக்குப் போய்ப் பூண்டை மேடைமேல் வைத்தார்.

"எதுக்குப்பா இப்ப பூண்டு? ஒரு சட்டிகூட இல்ல, கத்திகூட இல்ல. எல்லாத்தையும்தான் குடுத்துட்டோமே."

"உங்கம்மா வாங்கிட்டு வரச் சொன்னா."

லோரேனாவின் கையிலிருந்த துடைப்பம் சாய்ந்தது. அப்பாவின் புத்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் முகம் வெளுத்தது. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, ஓரத்தைப் பிடித்து, கிழிந்துவிடாமல் அவளிடம் நீட்டினார். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து படித்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடியும் படித்தாள். 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், அம்மா சொல்கிற அதே இழுவையில்.

"அப்பா, இதை எல்லாம் எழுதி வச்சிருந்தியா? அம்மா பேசினதை?"

அவர் தலையை ஆட்டினார்.

லோரேனா தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவள் முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆசை வந்திருந்தது.

"இன்னும் இருக்காப்பா?"

எல்பியோ தன் நீலக் கைகளைப் பார்த்தார்.

"இருந்துச்சும்மா," என்றார்.